90 கிலோ மூட்டையும் முதுகுத்தண்டு ஊசியும்

ஆத்தூர் வட்டாரத்தில் உழைக்கும் ஜனங்களை வாட்டுகிற வியாதி எது என்று அறியப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. சேகோ ஆலை வாசலிலோ, தலைவாசல் காய்கறி மார்க்கெட்டிலோ அரை மணி நேரம் நின்றால் போதும். மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்கிற சுமைப்பணித் தொழிலாளியின் கை தானாக இடுப்புக்குப் போகிறது. காலையிலிருந்து தரையில் குந்தி மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவுகிற பெண், பக்கத்தில் இருப்பவளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில் இரவெல்லாம் லாரி ஓட்டி வந்தவர், வண்டியை விட்டு இறங்கியதும் முதல் நாலு அடியைக் கோணலாகத்தான் வைக்கிறார். கிழங்கு பிடுங்குகிறவர், தறிக்குழியில் உட்காருகிறவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர் எல்லோரிடமும் ஒரே பல்லவிதான்: "இடுப்பு விட்டுப்போச்சு, கால் வரைக்கும் இழுக்குது."

இந்தப் பல்லவிக்கு எதிர்ப்பாட்டு ஒன்றும் இப்போது ஊர் ஊராகக் கேட்கிறது. "முதுகுத்தண்டில் ஒரே ஊசி! கத்தி வேண்டாம், ஆபரேஷன் வேண்டாம், படுக்கை வேண்டாம்! மறுநாளே வேலைக்குப் போகலாம்!"

மறுநாளே வேலைக்குப் போகலாமாம்! நாம் கேட்கிறோம்: எந்த வேலைக்கு? எந்த மூட்டையின் அடியில் மறுபடியும் முதுகைக் கொடுப்பதற்கு?

விஞ்ஞான வைத்தியத்தின் மீது நமக்கு விரோதம் கிடையாது. வலியால் துடிக்கிறவனைப் பார்த்து "பொறுத்துக்கொள்" என்று உபதேசம் செய்கிற கூட்டத்தையும் நாம் சேர்ந்தவர்கள் அல்ல. நமது குற்றச்சாட்டு இரண்டு. முதலாவது, இந்த ஊசிக்கு வைத்தியத்தில் உள்ள இடம் சிறியது. அந்தச் சிறிய இடத்தைப் பெரிய கடையாக்கி வியாபாரம் நடத்துகிறார்கள். இரண்டாவது, முதுகை ஒடித்த மூட்டையைப் பற்றி முதலாளியும் சர்க்காரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தப்பித்துக்கொள்ள இந்த ஊசி வசதியாகிவிட்டது.

வலி எங்கே பிறக்கிறது?

விஷயத்தை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்வோம். இடுப்புப் பகுதியில் ஐந்து முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு எலும்புக்கும் இடையே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. 'டிஸ்க்' என்று நம் ஜனங்கள் சொல்வது இதைத்தான். அதன் ஓரம் கெட்டியான நார். நடுவே கூழ் போன்ற பொருள். குனிந்து பாரம் தூக்கும்போது இந்த மெத்தை நசுங்குகிறது. வருஷக்கணக்காக நசுங்கினால் நார் விரிந்து, உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி வெளியே வரும். அது பக்கத்தில் உள்ள நரம்பின் வேரை அழுத்தினால், பிட்டத்திலிருந்து தொடை வழியாகக் கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்ந்தது போல வலி இறங்குகிறது. இதற்கு 'சியாட்டிகா' என்று பெயர். டிஸ்க் பிதுங்குவதுதான் இந்த வலிக்குக் காரணம் என்பதை 1934-ல் அமெரிக்க டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் எடுத்துக்காட்டினார்கள்.

ஆனால் இடுப்பு வலி வேறு, சியாட்டிகா வேறு. இடுப்பு வலிக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நரம்பு எதுவும் நசுங்கியிருப்பதில்லை. தசையும் தசைநாரும் மூட்டும் களைத்து, பிடித்துக்கொண்டு வலிக்கிற வலிதான் அது. இந்த வேற்றுமையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி வியாபாரம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் நடக்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டார்கள். மனிதனை வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களில் இதுவே உலகத்தில் முதலிடம் வகிக்கிறது. இவ்வளவு பெரிய கூட்டம் வலியோடு நின்றால், வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது அவர்கள் தர்மம்.

ஊசி என்ன செய்கிறது?

முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே ஒரு சிறு இடைவெளி உண்டு. அதற்குள் மருந்து செலுத்துவது புதிய மந்திரம் அல்ல. 1901-லேயே பாரிஸ் நகரத்தில் சிகார், கத்தலான் என்ற இரண்டு டாக்டர்கள் இதைச் செய்தார்கள். அப்போது செலுத்தியது மரத்துப்போகச் செய்யும் மருந்து. பிறகு 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹென்ச், கெண்டால் ஆகியோர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து நடக்க வைத்தார்கள். 1950-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதன்பின் 1950-களிலேயே முதுகில் போடும் ஊசியிலும் ஸ்டீராய்டு சேர்ந்துவிட்டது.

ஸ்டீராய்டின் வேலை என்ன? நரம்பின் வேரைச் சுற்றியுள்ள வீக்கத்தையும் அழற்சியையும் அடக்குவது. அவ்வளவுதான். பிதுங்கிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது. தேய்ந்ததை வளர்க்காது. கிழிந்ததைத் தைக்காது. "ஊசி போட்டு டிஸ்க்கைச் சரிபண்ணிவிட்டோம்" என்று யாராவது சொன்னால், அவர் தெரிந்தே பொய் சொல்கிறார், அல்லது தெரியாமல் ஊசி போடுகிறார்.

பிரசவ ஆபரேஷனின்போது முதுகில் போடுகிற ஊசியையும் இதையும் நம் பெண்கள் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறார்கள். அது வேறு. அது ஆபரேஷன் நேரத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிற ஊசி, அவசியமான ஊசி. அதைப் பற்றி நமக்கு எந்த வழக்கும் இல்லை.

கணக்கு சொல்லும் உண்மை

சரி, இந்த ஸ்டீராய்டு ஊசி எவ்வளவு வலியைக் குறைக்கிறது? நாமாகச் சொல்ல வேண்டாம். வைத்திய விஞ்ஞானமே சொல்லட்டும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு, 2020-ல் 25 ஆய்வுகளை ஆராய்ந்தது. அவற்றில் பங்கெடுத்த சியாட்டிகா நோயாளிகள் 2,470 பேர். நூறு புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலில் வலியை அளந்தால், வெறும் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்குக் கால்வலி சுமார் 5 புள்ளி குறைந்திருந்தது. அதுவும் முதல் சில வாரங்களில்! நூற்றுக்கு ஐந்து! இந்த ஐந்தை வைத்துக்கொண்டுதான் "முழு நிவாரணம்" என்று முரசு கொட்டுகிறார்கள்.

வயதானவர்களுக்கு முதுகுத்தண்டின் குழாய் சுருங்கி, பத்து அடி நடப்பதற்குள் கால் மரத்துப்போகிற வியாதி ஒன்று உண்டு. அதற்கும் இந்த ஊசியைப் போடுகிறார்கள். 2014-ல் அமெரிக்காவில் 16 இடங்களில் 400 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டும், பாதிப் பேருக்கு மரத்துப்போகும் மருந்து மட்டும் கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை!

நரம்பு நசுங்காத சாதாரண இடுப்பு வலிக்கு? பிரிட்டனின் பொது மருத்துவத் துறைக்கு வழிகாட்டும் 'நைஸ்' நிறுவனம் 2016-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: இடுப்பு வலிக்கு முதுகுத்தண்டு ஊசி போடாதீர்கள். திடீரென்று வந்த கடுமையான சியாட்டிகா இருந்தால் மட்டும் யோசித்துப் பார்க்கலாம் என்று அதே நிறுவனம் இடம் வைத்தது. 2025-ல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியான வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பாக, நாள்பட்ட முதுகு வலிக்கு இந்த ஊசிகள் வேண்டாம் என்றது. வலி நிபுணர்களின் சங்கங்கள் இதற்கு ஆட்சேபம் தெரிவித்தன. ஆட்சேபிக்கட்டும்; டாக்டர்கள் தங்களுக்குள் வாதாடி உண்மையைத் தேடட்டும். ஆனால் நிபுணர்களுக்குள்ளேயே வழக்குத் தீராத ஒரு வைத்தியத்தைக் கூலிக்காரனிடம் "கட்டாயம் குணமாகும்" என்று சொல்லி விற்பது எந்த நியாயம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திடீரென்று வருகிற சியாட்டிகா, பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள் கத்தியும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் தணிந்துவிடுகிறது. பிதுங்கிய கூழை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்வதும் உண்டு. இரண்டாவது மாதத்தில் ஊசி போட்டுக்கொண்டவன் மூன்றாவது மாதம் எழுந்து நடந்தால், புகழ் ஊசிக்குப் போகிறது. பணம் ஊசி போட்டவருக்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான்.

அமெரிக்கா கண்ட அனுபவம்

"பலன் கொஞ்சம்தான் என்றாலும் கெடுதல் இல்லையே, போட்டுக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கெடுதல் இல்லையா?

2012-ல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 'நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர்' என்று ஒரு மருந்துக் கம்பெனி. முதுகிலும் மூட்டிலும் போடுகிற ஸ்டீராய்டு மருந்தை அது தயாரித்து மாகாணம் மாகாணமாக விற்றது. சுத்தம் பாராமல் தயாரித்த மருந்தில் பூஞ்சணம் சேர்ந்திருந்தது. அந்த மருந்து ஏறத்தாழ 14,000 பேர் உடம்பில் ஏறியது. முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மூளை உறையில் பூஞ்சணம் பிடித்தது. 20 மாகாணங்களில் 753 பேர் வியாதியில் விழுந்தார்கள். 64 பேர் மாண்டார்கள் என்று அந்நாட்டு நோய்த்தடுப்புத் துறை கணக்கு எழுதியது. கம்பெனித் தலைவர் பாரி கேடனுக்கு மோசடிக் குற்றங்களுக்காக 2017-ல் 9 வருஷ சிறைத் தண்டனை. 2021-ல் அது பதினாலரை வருஷமாக உயர்த்தப்பட்டது. முதுகு வலிக்கு வைத்தியம் தேடிப் போனவர்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். காரணம், மருந்தைச் சுத்தமாகச் செய்வதைவிடச் சீக்கிரமாகச் செய்து விற்பதில் லாபம் அதிகம் என்பதுதான்.

மருந்து சுத்தமாகவே இருந்தாலும் அபாயம் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. சில ஸ்டீராய்டு மருந்துகளில் நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. ஊசி முனை தவறி ரத்தக் குழாய்க்குள் போனால், அந்தத் துகள்கள் போய் அடைத்துக்கொள்கின்றன. 2014 ஏப்ரல் 23 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பகிரங்கமாக எச்சரித்தது: இந்த ஊசியால் அபூர்வமாகக் கண்பார்வை போகலாம், பக்கவாதம் வரலாம், கைகால் விழலாம், சாவும் நேரலாம், முதுகுத்தண்டு உறையருகே போடுவதற்கென்று இந்த மருந்துகளுக்கு அனுமதியும் கொடுக்கப்படவில்லை. அதற்கு முந்திய வருஷமே, 'டெப்போ-மெட்ரால்' என்ற ஸ்டீராய்டைத் தயாரிக்கும் ஃபைசர் கம்பெனி, முதுகுத்தண்டில் தன் மருந்தைப் போடுவதைத் தடுக்க வேண்டும் என்று அந்தத் துறையிடம் கேட்டிருந்தது. இந்தச் செய்தி 2018-ல் அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்தது. லாபத்துக்காகவே பிறந்த கம்பெனியே "என் மருந்தை அங்கே போடாதே" என்று சொல்கிறதென்றால், விஷயத்தின் கனத்தை யோசித்துப் பாருங்கள்!

அபூர்வம்தான், மறுக்கவில்லை. பழகிய கையால், சுத்தமான அறையில், எக்ஸ்ரே உதவியோடு போட்டால் அபாயம் மிகக் குறைவு. ஆனால் அந்தச் சிறிய அபாயத்தை நோயாளியிடம் யாராவது சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி. நம் நாட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்களின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்னது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை பல நாட்களுக்கு ஏறி நிற்கும். அடிக்கடி போட்டால் எலும்பு பலம் குறையும். முதுகெலும்பில் காசநோய் பிடிப்பது நம் நாட்டில் அபூர்வமல்ல. அதைக் கண்டுபிடிக்காமல் "வெறும் டிஸ்க்" என்று ஸ்டீராய்டு கொடுத்தால், நெருப்பில் நெய் ஊற்றியதாக முடியும்.

படத்தைக் காட்டிப் பயமுறுத்தல்

ஊசிக்கு ஆள் பிடிப்பது எப்படி? முதலில் ஸ்கேன். பிறகு படத்தை வெளிச்சத்தில் மாட்டி, "பார், டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்ந்திருக்கிறது; இப்படியே விட்டால் நடக்க முடியாமல் போகும்" என்று ஒரு மிரட்டல். படித்தவனே நடுங்கிப்போவான், படிக்காத பாட்டாளி என்ன செய்வான்?

உண்மை என்னவென்றால், வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் இப்படித்தான் தெரியும். முப்பதுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் கணக்கெடுத்தார்கள். எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு டிஸ்க் தேய்மானம். எண்பது வயதில் நூற்றுக்கு 96 பேருக்கு! தலை நரைப்பது போல டிஸ்க்கும் வயதாகிறது. நரைத்த தலையைக் காட்டி "உனக்கு மூளை வியாதி" என்று சொன்னால் சிரிப்போம். தேய்ந்த டிஸ்க்கைக் காட்டினால் மட்டும் நகையை அடகு வைக்க ஓடுகிறோம்.

ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில், ஊசிக்கு அதற்கு மேல், மருந்துக்குத் தனியே, பெல்ட்டுக்குத் தனியே. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 39 ரூபாயை ஜனங்களே தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். அந்தக் கை வெறுங்கையாக இருந்தால் கடன். கடன் என்றால் வட்டி. வட்டி கட்ட வேண்டுமென்றால் மறுபடி மூட்டை. மூட்டையால் வந்த வலிக்கு வைத்தியம் பார்த்த கடனை அடைக்க, அதே மூட்டையையே சுமக்க வேண்டியிருக்கிறது!

அவர்கள் சொல்லும் வாதங்கள்

"தொழிலாளியே வந்து ஊசி கேட்கிறான், நாங்கள் என்ன செய்ய?" என்கிறார்கள். ஆமாம், கேட்கிறான். ஏன் கேட்கிறான்? மூன்று மாதம் பொறுத்தால் வலி குறையும் என்பது உண்மை. ஆனால் மூன்று மாதம் கூலியில்லாமல் அவன் வீட்டில் அடுப்பு எரியுமா? லீவு என்ற வார்த்தையே அவன் வேலையில் கிடையாது. நாளைக் காலையில் அவன் நிற்காத இடத்தில் வேறொருவன் நிற்பான். அவன் கேட்பது ஊசியை அல்ல, நாளைய கூலியை. ஓய்வுக்குச் சம்பளம் தருகிற ஏற்பாடு இருந்தால், ஊசி கேட்டு வருகிறவர்களின் வரிசை பாதியாகக் குறைந்துவிடும்.

"ஆபரேஷனைத் தவிர்க்கத்தானே ஊசி?" என்பது இன்னொரு வாதம். அவசியமான ஆபரேஷனை ஊசி தவிர்க்காது, தள்ளிப்போடும். அவசியமில்லாதவனுக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். அவனுக்கு வேண்டியது பிசியோதெரபி. படுத்தே கிடக்காமல் நடப்பதும், தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும், வலியைப் பற்றிய சரியான விளக்கமும்தான் முக்கியம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இடுப்பு பெல்ட்டும் எடை கட்டி இழுப்பதும் வேண்டாம் என்றும் அது சொல்லிவிட்டது. பயிற்சி சொல்லித்தர எந்திரமும் வேண்டாம், வெளிநாட்டு மருந்தும் வேண்டாம். பயிற்சி பெற்ற மனிதர் வேண்டும், அவருக்கு நேரம் வேண்டும். அதில் லாபம் கிடையாது. ஆகவே அதற்கு விளம்பரமும் கிடையாது.

அந்த மனிதர் எங்கே இருக்கிறார்? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது, வீட்டுக்கே பிசியோதெரபி வரும் என்றார்கள். நல்ல திட்டம், வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் வட்டாரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆளைப் போட்டால், எழுந்திருக்கவே முடியாமல் கிடக்கும் பக்கவாத நோயாளிகளைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதாது. கிழங்குத் தோல் சீவுகிற பெண்ணின் இடுப்பு அவருடைய பட்டியலில் எப்போது வரும்? சேலத்தில் உள்ள மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆத்தூரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். ஒரு தரம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பயிற்சியோ வாரம் இரண்டு மூன்று தரம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூலிக்காரன் ஏன் ஒரே ஊசியை நம்புகிறான் என்பது விளங்கும்.

பிரான்சில் தொழில் வியாதி, இங்கே தலைவிதியா?

இப்போது மூட்டைக்கு வருவோம்.

சேலம் ஜில்லாவின் ஜவ்வரிசித் தொழில், யுத்த காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் நின்றபோது பிறந்து வளர்ந்த தொழில். 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான். இந்த வியாபாரத்தில் விலை பேசுவது எதற்கு? 90 கிலோ மூட்டைக்கு! சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-லேயே, வயது வந்த ஓர் ஆண் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சிபாரிசு செய்தது; பெண்களுக்கு அதைவிட வெகுவாகக் குறைக்கச் சொன்னது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஜவ்வரிசி மூட்டை அந்த அளவுக்கு மேல் இன்னும் 35 கிலோவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. தாங்குவது மூட்டையா? தொழிலாளியின் ஐந்து இடுப்பெலும்புகள்!

கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவுச்சத்து என்று அளந்து விலை போடுகிறார்கள். அரைப் பாயிண்ட் குறைந்தாலும் விவசாயிக்குக் காசு குறைகிறது. அவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்தவர்களுக்கு, சுமக்கிறவன் முதுகில் எத்தனை கிலோ ஏறுகிறது என்பதை மட்டும் அளக்கத் தெரியவில்லை.

சட்டம் இல்லையா? 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை எந்தத் தொழிலாளியும் தூக்கும்படி செய்யக் கூடாது என்றது. ஏட்டுச் சுரைக்காய்! 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். மூட்டை சுருங்கவில்லை.

நஷ்டஈடு கேட்கலாமா? 1923-ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தில் தொழில் வியாதிகளுக்கு ஓர் அட்டவணை இருந்தது. ஈயத்தால் வரும் விஷம், பாதரசத்தால் வரும் விஷம், கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் எல்லாம் அதில் இருந்தன. பாரம் சுமந்து சுமந்து டிஸ்க் பிதுங்குவது அதில் இருக்கவில்லை. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த இடுப்புக்கு இடம் தரவில்லை. ஒரே நாளில் மூட்டை விழுந்து முதுகு ஒடிந்தால் விபத்து என்று வழக்காடலாம். இருபது வருஷமாக அணு அணுவாக ஒடிந்தால் அது 'வயசுக் கோளாறு'!

ஆனால் பிரான்சு நாட்டில் என்ன நிலைமை? 1999-லேயே அந்நாட்டுத் தொழில் வியாதிப் பட்டியலில் இரண்டு அட்டவணைகளைச் சேர்த்தார்கள். பாரம் தூக்குவதால் டிஸ்க் பிதுங்கி வருகிற சியாட்டிகா ஒன்று. கனரக வாகனம் ஓட்டும்போது ஏற்படும் அதிர்ச்சியால் வருகிற சியாட்டிகா இன்னொன்று. அங்கே சுமைத் தொழிலாளிக்கும் லாரி டிரைவருக்கும் வந்தால் தொழில் வியாதி. வைத்தியச் செலவும் நஷ்டஈடும் உண்டு. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரச்சுமையால் முதுகெலும்பு தேய்வதைச் சோஷலிஸ்ட் கிழக்கு ஜெர்மனி முன்பே தொழில் வியாதியாக ஏற்றிருந்தது. இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு, 1993 முதல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் பட்டியலிலும் அதைச் சேர்த்தார்கள்.

பிரெஞ்சுக்காரன் முதுகெலும்புக்கும் ஆத்தூர்க்காரன் முதுகெலும்புக்கும் படைப்பில் என்ன வித்தியாசம்? அங்கேயும் ஐந்து, இங்கேயும் ஐந்து. வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை யாரும் தானமாகத் தரவில்லை; தொழிற்சங்கங்கள் வாதாடிப் பெற்றன.

வலி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இப்போதே வலி இருக்கும். அவர்களுக்குச் சொல்கிறோம்: பயப்படாதீர்கள், ஏமாறவும் ஏமாறாதீர்கள். வலி தாங்குகிற அளவுக்கு நடமாடுங்கள். வாரக்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள். கடுமையான கால்வலியால் தூக்கமே இல்லை, மாத்திரைக்கும் பயிற்சிக்கும் அடங்கவில்லை என்றால், ஊசி சில வாரங்களுக்குக் கொஞ்சம் ஆசுவாசம் தரலாம். போட்டுக்கொள்ளுமுன் கேளுங்கள்: எந்த மருந்து? எனக்கு நரம்பு நசுங்கியிருக்கிறதா? எத்தனை நாளைக்குப் பலன்? என்ன அபாயம்? எக்ஸ்ரே உதவியோடுதான் போடுவீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு? சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, மலசலம் தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிட்டாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்; அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடாத காய்ச்சல், உடல் இளைப்பு, இரவில் அதிகமாகும் வலி இருந்தால் காசநோயா, புற்றுநோயா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் கோருவது என்ன?

1. ஜவ்வரிசி, மாவு உட்பட எந்த மூட்டையும் 50 கிலோவுக்கு மேல் கட்டக் கூடாது. எடை குறைந்ததைச் சாக்கு வைத்துக் கூலியைக் குறைக்கக் கூடாது. ஏற்றி இறக்கத் தள்ளுவண்டியும் எந்திரமும் வேண்டும். கிழங்கு சீவுகிற பெண்களுக்கு உட்காரும் பலகையும் இடைவேளையும் வேண்டும்.

2. பாரம் சுமப்பதாலும் வாகன அதிர்ச்சியாலும் வரும் இடுப்பெலும்பு வியாதியையும் சியாட்டிகாவையும் தொழில் வியாதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சுமைப்பணித் தொழிலாளர் நல வாரியத்தின் மூலம் உதவித்தொகை வேண்டும்.

3. ஆத்தூர் அரசு ஆஸ்பத்திரியிலும், சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேண்டிய அளவு பிசியோதெரபி ஊழியர்களை நியமிக்க வேண்டும். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலை நேரத்திலும் சிகிச்சை வேண்டும்.

4. ஊசி போடும் தனியார் ஆஸ்பத்திரிகள் மருந்தின் பெயர், பலன், அபாயம், கட்டணம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். நோயாளிகளை விளம்பரம் செய்து அழைப்பது தவறு என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிகளே சொல்கின்றன. அதை அமல் நடத்த வேண்டும். தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டத்தைப் பீரோவிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.

இவை ஆகாயக் கோட்டைகள் அல்ல. சிமெண்டு மூட்டை 50 கிலோவில் வருகிறது; அதனால் எந்தச் சிமெண்டு கம்பெனியும் திவாலாகவில்லை. ஜவ்வரிசி மூட்டை மட்டும் 50 கிலோவானால் தொழில் அழிந்துவிடும் என்று யாராவது அழுதால், அந்த அழுகையை நம்ப நாம் தயாராக இல்லை.

ஆத்தூரின் சுமைப்பணித் தொழிலாளர்கள், ஆலைப் பெண்கள், லாரித் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் இதுவரை தங்கள் இடுப்பு வலியைத் தனித்தனியே சுமந்தார்கள். தனித்தனியே கடன் வாங்கினார்கள். தனித்தனியே ஊசி போட்டுக்கொண்டார்கள். இனி சங்கக் கூட்டத்தின் முதல் தீர்மானமாக மூட்டையின் எடையை வையுங்கள். கையெழுத்து வாங்குங்கள், தொழிலாளர் துறையின் கதவைத் தட்டுங்கள், தராசைக் கொண்டுபோய் ஆலை வாசலில் வைத்து, ஒரு மூட்டையை ஊரறிய நிறுத்துக் காட்டுங்கள். அந்தத் தராசு முள் சொல்கிற சாட்சியை எந்த டாக்டரின் ஊசியாலும், எந்த முதலாளியின் வாதத்தாலும் அடக்க முடியாது.